ரேங்க் கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்

பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, தீய்ந்த வாசனை வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் அவள் எழுந்து ஓடினாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. அவள் சொல்லவில்லை. சிங்க்கில் சோடா உப்புப் போட்டு ஊறிக்கொண்டிருந்த இரண்டு பாத்திரங்கள் சொல்லின. மதுரையில் இருக்கும் என் கல்லூரித் தோழி. கணக்கு டீச்சர். வயது 37. இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மாத்திரை வேலை செய்யலைன்னு சொல்ல மாட்டேன்டி. அழுகை நின்னுருச்சு. ராத்திரி தூக்கம் வருது. ஆனா அடுப்புல பால் வச்சது மட்டும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது. அதுக்கு ஒரு மாத்திரை கிடையாதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால், அந்தக் கேள்விக்குப் பின்னால் அறுபது எழுபது வருடத்து மருத்துவக் கதை ஒன்று இருக்கிறது.

அவளுக்கு இருப்பது ஏடிஹெச்டி என்பது பிறகுதான் தெரிந்தது. தமிழில் 'கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு' என்கிறார்கள். இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குறைபாடு உள்ளவரின் கவனம் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும் என்பதால், டாக்டர்கள் சொல்வதுபோல ஏடிஹெச்டி என்றே வைத்துக்கொள்வோம். கவனமே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. பிடித்த வேலை கிடைத்தால் நாலு மணி நேரம் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். தேவையான நேரத்தில் தேவையான இடத்துக்குக் கவனத்தைத் திருப்புவதும், திருப்பியதை அங்கேயே நிறுத்தி வைப்பதும்தான் வராது. உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவிகிதம் பேருக்கும், பெரியவர்களில் சுமார் 2.5 சதவிகிதம் பேருக்கும் இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வகுப்பில் பெஞ்ச் மேல் ஏறிக் குதிக்கும் பையனை எல்லோருக்கும் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல், எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தையை 'சமத்து' என்று சொல்லி விட்டுவிடுவோம். அவள் முப்பது வயதைத் தாண்டி, வீடு, வேலை, பிள்ளைகள் என்று நான்கு பக்கமும் இழுக்கும்போது உடைந்து போவாள். டாக்டரிடம் போகும்போது அழுதுகொண்டு போவாள். அழுதுகொண்டு வருகிறவருக்கு என்ன மாத்திரை கிடைக்கும்?

சோர்வுக்குத் தேதி உண்டு

அந்த மாத்திரையைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நிஜமாகவே அதிகம் வருகிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய தேசியக் கணக்கெடுப்பை வைத்து, ஹார்வர்டைச் சேர்ந்த ரொனால்ட் கெஸ்லரின் குழு 2006-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதன்படி, ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களில் 18.6 சதவிகிதம் பேருக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் தீவிர மனச்சோர்வு இருந்திருக்கிறது. மற்றவர்களிடம் அது 7.8 சதவிகிதம். பதற்றக் கோளாறுகளோ ஏடிஹெச்டி உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இருந்திருக்கின்றன.

ஏன் இப்படி? மூளை, மரபணு என்று காரணங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். ஐந்து வயதிலிருந்து 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவள்', 'மண்டையில் என்ன இருக்கு' என்று கேட்டு வளர்கிறவளுக்கு முப்பது வருடத்தில் மனசு என்ன ஆகும்?

சிக்கல் அடுத்ததில்தான். கவனம் சிதறுவது மனச்சோர்வின் அறிகுறிப் பட்டியலிலும் இருக்கிறது. தூக்கம் கெடுவது, வேலையைத் தள்ளிப்போடுவது, எதிலும் மனம் ஒட்டாதது, எல்லாமே இரண்டுக்கும் பொது. ஆகவே டாக்டர் சோர்வைப் பார்க்கிறார், கவனக் குறைவு அதன் வால் என்று நினைக்கிறார், சோர்வு போனால் வாலும் போய்விடும் என்று காத்திருக்கிறார். சிலருக்குப் போகும். சிலருக்குப் போகாது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மனச்சோர்வுக்கு ஒரு தேதி இருக்கும். 'அப்பா போன பிறகு', 'இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம்', 'போன தீபாவளியிலிருந்து' என்று ஆள் சொல்லிவிடுவார். ஏடிஹெச்டிக்குத் தேதி கிடையாது. 'எப்போதிலிருந்து?' என்று கேட்டால், 'எப்பவுமே இப்படித்தான்' என்பார். 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடும் அதைத்தான் நிபந்தனையாக வைக்கிறது: 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும்.

கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகாத கேள்வி. என் தோழியிடம் முதல் இரண்டு டாக்டர்களும் கேட்கவில்லை.

ஒன்றில் தோற்று இன்னொன்றில் ஜெயித்தவை

மனச்சோர்வு மாத்திரை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். அவற்றின் பிறப்புக் கதையைப் பார்த்தாலே அப்படியில்லை என்று தெரியும்.

1956. சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஊரான மூன்ஸ்டர்லிங்கனின் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் குன் என்ற டாக்டர், கைகி கம்பெனி தந்த ஒரு பொருளைச் சோதித்தார். மனச்சிதைவுக்கு உதவும் என்று தந்தது. அதற்கு உதவவில்லை. ஆனால் மனச்சோர்வில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதுதான் இமிப்ரமின். அதன் நெருங்கிய உறவு டெசிப்ரமின். இந்த வகை மருந்துகள் மூளையில் நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனத்தைக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தி வைக்கும். கவனத்துக்கு வேண்டிய ரசாயனங்களில் அதுவும் ஒன்று, டோபமின் இன்னொன்று.

துறுதுறு குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டது! பாஸ்டனில் ஜோசஃப் பீடர்மன் குழு 1989-ல் வெளியிட்ட ஆய்வில், டெசிப்ரமின் சாப்பிட்ட குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நல்ல முன்னேற்றம். கொண்டாட்டம் நீடிக்கவில்லை. அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த சில குழந்தைகள் திடீரென இறந்த செய்திகள் 1990 வாக்கில் வெளியாயின. இதயத்தின் மின்னோட்டத்தைக் கலைக்கும் குணம் இந்த வகைக்கு உண்டு. அதோடு குழந்தைகளுக்கு அதை எழுதும் கைகள் தயங்கின.

அடுத்தது பியூப்ரோபியான். பம்பாயில் பிறந்து அமெரிக்கா போன நரிமன் மேத்தா, பரோஸ் வெல்கம் கம்பெனியில் 1969-ல் உருவாக்கியது. 1985 கடைசியில் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. மறு வருடமே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதிக அளவில் கொடுத்தபோது சிலருக்கு வலிப்பு வந்தது காரணம். ஒரு நாளைக்கு 450 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற வரம்போடு 1989-ல் திரும்பி வந்தது. புகைப்பழக்கத்தை விடவும் இதைக் கொடுக்கிறார்கள். செரடோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தைத் தொடாமல், நார்எபிநெஃப்ரினிலும் டோபமினிலும் வேலை செய்வதால் ஏடிஹெச்டிக்கும் பயன்படும் என்று டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அதற்கென்று அனுமதி இன்றுவரை அமெரிக்காவில் இல்லை. காக்ரேன் அமைப்பு 2017-ல் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஆறே ஆய்வுகள், நானூற்றுச் சொச்சம் பேர். கொஞ்சம் பலன் தெரிகிறது, ஆதாரம் பலவீனம் என்றது தீர்ப்பு. வலிப்பு வந்தவர்களும், சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் பழக்கம் போன்ற உணவுக் கோளாறு உள்ளவர்களும், குடியைத் திடீரென நிறுத்துகிறவர்களும் இதன் பக்கம் போகக் கூடாது.

மூன்றாவது கதை எனக்கு மிகவும் பிடித்தது. அட்டமாக்ஸெடினை எலி லில்லி கம்பெனி மனச்சோர்வுக்கென்றுதான் சோதித்தது. சோர்வு அசையவில்லை. அலமாரியில் கிடந்திருக்க வேண்டிய மருந்து 2002 நவம்பரில் ஏடிஹெச்டிக்கு அனுமதி பெற்ற முதல் 'தூண்டி அல்லாத' மருந்தாக வெளியே வந்தது. விலாக்ஸசின் இதற்குத் தம்பி மாதிரி. எழுபதுகளில் பிரிட்டனில் மனச்சோர்வு மாத்திரையாக விற்று, பிறகு சந்தையிலிருந்தே மறைந்து, 2021-ல் அமெரிக்காவில் ஏடிஹெச்டி மருந்தாக மறுபிறவி எடுத்தது.

மனச்சோர்வு மாத்திரைகளுக்கும் கவனத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர்களும், 'எல்லாம் ஒன்றுதான், இதையே சாப்பிடுங்கள்' என்று சொல்கிறவர்களும் இந்தக் கதைகளைப் படிக்க வேண்டும்.

அழுகையை நிறுத்தும், பாலைக் காக்காது

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே மனச்சோர்வு என்று போனால் பெரும்பாலும் கிடைப்பது மேலே சொன்ன எதுவும் இல்லை. எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின் எல்லாம் இந்தக் குடும்பம். இவை முக்கியமாக செரடோனினில் வேலை செய்கின்றன. சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நல்ல மருந்துகள், லட்சக்கணக்கானவர்களைத் தூக்கி நிறுத்தியவை. ஆனால், ஏடிஹெச்டியின் அடிப்படையான கவனச் சிதறலை இவை தொடுவதில்லை. தோழி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அழுகையை நிறுத்தும், அடுப்பில் வைத்த பாலைக் காக்காது.

சிலருக்கு நிலைமை கொஞ்சம் மோசமாகக்கூடத் தோன்றும். எஸ்எஸ்ஆர்ஐ சாப்பிடும் சிலருக்கு மனசு மழுங்கிப்போனதுபோல் ஆகும். துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, எதைச் செய்யவும் உந்துதல் இல்லை. ஏற்கெனவே வேலையை ஆரம்பிக்கத் திணறுகிறவருக்கு இது கூடுதல் பாரம். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றவோ மருந்தை மாற்றவோ முடியும். சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தோழிக்கு முதலில் கிடைத்தது இன்னும் சிக்கலானது. பக்கத்துத் தெரு டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்றுதான், உள்ளே இரண்டு மருந்து. எஸ்சிட்டலோபிராமோடு குளோனாசெபாம். இந்த ஜோடி நம்மூரில் மிகச் சாதாரணமாக எழுதப்படுகிறது. குளோனாசெபாம் பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும், தூங்க வைக்கும். கூடவே ஞாபகத்தையும் கவனத்தையும் மந்தமாக்கும், மாதக்கணக்கில் போட்டால் நிறுத்துவதும் சிரமம். கவனம் நிற்கவில்லை என்று வந்தவளுக்கு, கவனத்தை மந்தப்படுத்தும் மாத்திரை! அடுத்துப் பார்த்த மனநல டாக்டர் குளோனாசெபாமை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். புண்ணியவான். ஆனால் அவரும் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்கவில்லை.

சரி, ஏடிஹெச்டிக்கென்றே உள்ள மருந்து எது? மெத்தில்ஃபெனிடேட் என்ற 'தூண்டி' வகை மருந்து. 1944-ல் சிபா கம்பெனியில் அதை உருவாக்கிய லியாண்ட்ரோ பனிசோன், தன் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் என்று பெயர் வைத்தார். அந்த அம்மாள் டென்னிஸ் ஆடப் போவதற்கு முன் ஒன்று போட்டுக்கொள்வாராம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு முதல் மருந்தாக இதையோ லிஸ்டெக்ஸாம்ஃபெடமினையோ சொல்கிறது. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. 'பழக்கமாயிடுமோ' என்று வீட்டில் பயப்படுவார்கள், சில டாக்டர்களுக்கும் தயக்கம். அதனால் பலருக்கு அட்டமாக்ஸெடின், பியூப்ரோபியான் போன்றவைதான் கைக்கு எட்டுகிற வழி. அதில் குறை ஒன்றுமில்லை, என்ன சாப்பிடுகிறோம், எதற்குச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தால்.

ஸ்வீடனில் 38,000-க்கு மேற்பட்ட ஏடிஹெச்டி நோயாளிகளின் பதிவேடுகளை அலசி 2016-ல் வந்த ஆய்வு ஒன்று, ஏடிஹெச்டிக்கு மருந்து சாப்பிட்டவர்களுக்கு மூன்று வருடம் கழித்து மனச்சோர்வு வரும் அபாயம் 42 சதவிகிதம் குறைந்திருந்தது என்கிறது. மருந்துதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிற எண். தினமும் பால் பொங்காமல் இருந்தாலே பாதி அழுகை குறையும்தானே?

எதை முதலில்?

இரண்டும் சேர்ந்திருந்தால் எது அதிகம் வாட்டுகிறதோ அதை முதலில் கவனிப்பதுதான் டாக்டர்களின் பொதுவான வழக்கம். சாகலாம் என்ற எண்ணம், சாப்பாடு தூக்கம் இல்லாத நிலை என்றால் மனச்சோர்வுதான் முதலில், விவாதமே இல்லை. சோர்வு லேசாக இருந்து, அதுவும் தவறவிட்ட வேலைகளின் குற்றவுணர்விலிருந்து வருவதாகத் தெரிந்தால் ஏடிஹெச்டியிலிருந்து தொடங்குவார்கள். இவை இரண்டுக்கும் முன்னால் இருமுனைக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம். இருந்தால், மனச்சோர்வு மாத்திரை ஆளை எதிர்ப்பக்கம் தூக்கி எறிந்துவிடும். தூக்கமே வேண்டாம், கடன் வாங்கிச் செலவு, நிற்காத பேச்சு என்று போய்விடும்.

சேர்த்துச் சாப்பிடும்போது ஒரு விஷயம். ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின், பியூப்ரோபியான் மூன்றும் கல்லீரலில் ஒரு நொதியின் வேலையைக் கட்டிப்போடும். அட்டமாக்ஸெடினை உடைத்து வெளியேற்றுவதே அந்த நொதிதான். அதனால் இவற்றோடு வழக்கமான அளவில் அட்டமாக்ஸெடின் போட்டால், ரத்தத்தில் அது பல மடங்கு ஏறி நிற்கும். நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் கூடும். தெரிந்த டாக்டர் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார். தெரிய வேண்டுமென்றால், வேறு டாக்டர் எழுதிய மாத்திரையையும் நாம் காட்ட வேண்டும்.

வயது குறைந்தவர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை. மனச்சோர்வு மாத்திரைகள் சிறுவர்களிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-ல் பெட்டி போட்டு எச்சரித்தது. சோதனைகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவிகிதம் என்றால், மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவிகிதம். அந்தச் சோதனைகளில் யாரும் இறக்கவில்லை. 2005-ல் அட்டமாக்ஸெடினுக்கும் இதே மாதிரி எச்சரிக்கை வந்தது, ஆயிரத்தில் நான்கு குழந்தைகள் என்ற கணக்கில். மருந்தே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் சில வாரங்கள் பிள்ளையின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. மறதிதான் நோய், மறக்காமல் தினமும் போட வேண்டியதுதான் மருந்து! பராக்ஸெடினோ, வென்லாஃபாக்ஸின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தோ இரண்டு நாள் விட்டுப்போனால் தலை கிறுகிறுக்கும், உடம்புக்குள் கரன்ட் பாய்வதுபோல் 'சுரீர்' என்று இருக்கும். நோய் முற்றிவிட்டது என்று ஆள் பயந்துபோவார், விஷயம் விட்டுப்போன மாத்திரைதான். ஃப்ளூஆக்ஸெடின் உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால் ஓரிரு நாள் மறதியை மன்னித்துவிடும். மறதிக்காரருக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் டாக்டர் இதையும் கணக்கில் எடுத்தால் நல்லது.

ஐந்தாம் வகுப்பு, சிவப்பு மை

மூன்றாவது டாக்டர் முதல் சந்திப்பிலேயே கேட்டாராம்: "சின்ன வயசு ரேங்க் கார்டு ஏதாவது இருக்கா? அம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா?"

பரணில் இருந்த தகரப் பெட்டியில் இருந்தது. நானும் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு, அரையாண்டு. கணக்கு 96. சமூக அறிவியல் 41. அப்பாவின் கையெழுத்துக்கு மேல் வகுப்பு ஆசிரியையின் சிவப்பு மை: 'கெட்டிக்காரி. கவனம் போதாது. இந்த மாதம் பென்சில் பாக்ஸை மூன்று முறை தொலைத்திருக்கிறாள்.'

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தங்க எழுதி வச்சிருக்காங்கடி. நானும் இப்ப பிள்ளைகளோட கார்டுல 'கவனம் தேவை'ன்னு தானே எழுதிட்டு இருக்கேன்?"

எஸ்சிட்டலோபிராமை டாக்டர் நிறுத்தவில்லை. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துவிட்டு, அட்டமாக்ஸெடினைக் குறைந்த அளவில் சேர்த்தார். முதல் இரண்டு வாரம் குமட்டல், பசியில்லை, வாய் உலர்ந்துபோகிறது என்று போனில் புலம்பினாள். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள், அடங்கியது. உடனே பலன் தெரிகிற மருந்தில்லை இது, நாலு முதல் ஆறு வாரமாவது ஆகும். கூடவே ஒரு உளவியல் ஆலோசகரிடமும் போகிறாள். அங்கே கற்றுக்கொண்டது, அடுப்பைப் பற்றவைத்த கையோடு போனில் ஐந்து நிமிட அலாரம். மாத்திரைக்கு ஏழு அறை உள்ள டப்பா, காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில்.

போன மாதம் போயிருந்தேன். சிங்க்கில் ஒரு பாத்திரம் ஊறிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று.

'எப்பவுமே இப்படித்தான்' என்று உங்களுக்கும் தோன்றினால், மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய ரேங்க் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் உங்களைச் சின்ன வயதில் பார்த்த யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் பையில் இருக்கட்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம். டாக்டரைப் பார்க்கும் வரை தாங்காது என்று தோன்றினால், மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.